‘அப்பா’ என்று அடித்தால் போகாத விளையாட்டு: ஒரு குடும்பமும் ஒரு பென்குயின் உலகமும்

எதற்காக எழுதுகிறேன்

மன்னார்குடிப் பக்கம் ஒரு சிறிய ஊரில் 2008-இல் பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தேன். இப்போது அதே கடையில் பட்டா சிட்டா பிரிண்ட், பயிர்க் காப்பீட்டுப் பதிவு, ஜெராக்ஸ் என்று ஓடுகிறது. அந்தக் கடைக்கு வந்துபோன ஒரு குடும்பத்துக்கு 2020-இல் நடந்ததைப் பதிவு செய்கிறேன். அதில் என் தவறும் இருக்கிறது. குடும்பத்தின் சம்மதம் வாங்கிவிட்டேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். 2020-ஐ மட்டும் தனியாகச் சொன்னால் ஒன்றும் விளங்காது. 2009-இலிருந்து தொடங்க வேண்டும்.

பின்னணி: அந்தப் பனி உலகம்

கிளப் பென்குயின் என்ற விளையாட்டை இன்று கல்லூரி முடித்து வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நினைவிருக்கலாம். கனடாவின் கெலோனா நகரத்தில் ஒரு சிறிய நிறுவனம் 2005 அக்டோபரில் அதைத் தொடங்கியது. பனித்தீவு ஒன்று. ஒவ்வொரு பிள்ளையும் அதில் ஒரு பென்குயின். பனிவீட்டில் குடியிருக்கலாம், பஃபில் என்ற பஞ்சு உருண்டை மாதிரியான பிராணியை வளர்க்கலாம், சின்னச் சின்ன ஆட்டங்கள் ஆடி நாணயம் சேர்க்கலாம், மற்ற பென்குயின்களோடு பேசலாம். இன்ஸ்டால் செய்ய எதுவும் கிடையாது. பிரவுசரில் ஃபிளாஷ் என்ற, படங்களை அசைய வைக்கும் மென்பொருள் இருந்தால் போதும். என் கடையில் இருந்த ஆறு பழைய கணினிகளுக்கு அது தோதாக இருந்தது.

விளம்பரம் இல்லாமல் சந்தாவில் ஓடிய விளையாட்டு அது. மாதம் 5.95 டாலர், அன்றைய கணக்கில் முந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. நான் மணிக்குப் பதினைந்து ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊரில் யாரும் சந்தா கட்டவில்லை. கட்டாதவர்களும் ஆடலாம், ஆனால் பனிவீட்டுக்கு மேசை நாற்காலி வாங்க முடியாது. சிவப்பு, நீலம் இந்த இரண்டு நிறப் பஃபிலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எங்கள் பிள்ளைகளின் பனிவீடுகள் எல்லாம் பால் காய்ச்சாத புது வீடு மாதிரி வெறுமையாகக் கிடக்கும்.

2007 ஆகஸ்டில் டிஸ்னி இதை 35 கோடி டாலருக்கு வாங்கியது. இலக்கை எட்டினால் இன்னொரு 35 கோடி என்று ஒப்பந்தம், இலக்கு எட்டப்படவில்லை. 2013 வாக்கில் தொடங்கப்பட்ட கணக்குகள் 20 கோடியைத் தாண்டியிருந்தன.

இந்தப் பதிவுக்கு முக்கியமானது காவல் ஏற்பாடு. கணக்குத் தொடங்கும்போது பெற்றோரின் மின்னஞ்சல் கேட்கும். எழுதும் பேச்செல்லாம் ஒரு சல்லடை வழியாகத்தான் போகும். போன் நம்பர், முகவரி, கெட்ட வார்த்தை எதுவும் அடுத்தவருக்குத் தெரியாது. போதாதென்று சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கண்காணித்தார்கள். என் கடையில் ஒரு பையன் ஆங்கிலத்தில் ஒரு வசவை அடித்துவிட்டு 24 மணி நேரம் தடை வாங்கினான். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து வாசலில் காத்திருந்தான்.

பெற்றோர் மின்னஞ்சல் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பெற்றோரில் முக்கால்வாசிப் பேருக்கு மின்னஞ்சல் கிடையாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் என் கடை முகவரியையே போட்டுவிட்டேன். பெற்றோருக்காக வைத்த பூட்டின் சாவி முழுக்க என்னிடம் இருந்தது. அப்போது அதை உதவி என்றுதான் நினைத்தேன்.

2009: ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணி

அந்தச் சிறுமிக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தெருவுக்கு நாலு வீட்டில் சிங்கப்பூர் சம்பளம் உண்டு. இது அப்படி ஒரு வீடு. மே மாத விடுமுறையில் தாய்மாமா கூட்டி வந்து விட்டார். இரண்டே வாரத்தில் பென்குயினைப் பழகிக்கொண்டாள்.

அப்பாவையும் சேர்த்துவிட வேண்டும் என்பது அவள் யோசனைதான். ஞாயிறு அவருக்கு விடுமுறை. லிட்டில் இந்தியாவில் ஒரு நெட் சென்டருக்கு அவர் இரவு எட்டு மணிக்குப் போனால் இங்கே ஐந்தரை. போனிலேயே மாமா கணக்கு ஏற்படுத்திக் கொடுத்தார். ‘ப்ளிசர்ட்’ என்ற சர்வரில் இரண்டு பேரும் நுழைந்து, அவளுடைய காலிப் பனிவீட்டில் சந்திப்பதாக ஏற்பாடு.

மூன்றாவது ஞாயிறு அவள் அழுதுகொண்டே எழுந்துவிட்டாள். “அண்ணே, அப்பா பேசவே மாட்டேங்குறாங்க. நான் அப்பா அப்பான்னு அடிச்சுக்கிட்டே இருக்கேன், அவங்க பாட்டுக்கு நிக்கிறாங்க.” திரையைப் பார்த்தேன். அவள் பென்குயின் தலைக்கு மேல் ‘அப்பா’ என்று ஆங்கில எழுத்தில் நிற்கிறது. எதிரே இன்னொரு பென்குயின், சும்மா. போன் போட்டால் அப்பா அங்கே அதைவிடக் கோபத்தில் இருக்கிறார்: “நான் தங்கம் தங்கம்னு எத்தனை தடவை அடிக்கிறது? இவதான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறா.”

அன்று இரவு கடையை மூடியபின் பக்கத்துப் பக்கத்துக் கணினியில் இரண்டு கணக்கைத் திறந்து வைத்துச் சோதித்தேன். ‘ஹலோ’ போகிறது. ‘அப்பா’ போகவில்லை. ஆனால் அடித்தவர் திரையில் மட்டும் போன மாதிரியே காட்டுகிறது! அந்தச் சல்லடை வேலை செய்யும் விதமே அதுதான். தடுத்தோம் என்று சொல்லாது. சொன்னால் பிள்ளைகள் எழுத்தை மாற்றி மாற்றி அடித்து ஓட்டை கண்டுபிடிப்பார்கள். அதனால் எழுதியவருக்கு மட்டும் காட்டிவிட்டு அடுத்தவருக்கு மறைத்துவிடும். யாரும் கண்டுகொள்ளவில்லை என்று நினைத்து அவரே விட்டுவிடுவார். தெரிந்த ஆங்கிலச் சொற்களைத் தாண்டி வருவது எதுவானாலும் அதற்குச் சந்தேகம். தமிழ் முழுவதுமே சந்தேகம்.

மறுநாள் அவளிடம் விளக்கினேன். அவள் அடுத்த ஞாயிற்றுக்குள் ஒரு மொழியே உருவாக்கிவிட்டாள். கீபோர்டில் T-யை அழுத்தினால் பனிப்பந்து எறியலாம். மூன்று பனிப்பந்து: சாப்பிட்டாச்சா? இரண்டு: ஆச்சு. நடனம் ஆடினால் பரீட்சையில் நல்ல மார்க். கையசைத்தபடியே நின்றால் அம்மாவும் பக்கத்தில் நிற்கிறார் என்று பொருள். இதைப் போனில் அப்பாவுக்கு ஒப்பித்து மனப்பாடம் செய்ய வைத்தாள். ஏறக்குறைய மூன்று வருடம் இப்படி நடந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தரைக்கு அந்த மூலைக் கணினியை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.

அந்தச் சல்லடை மேல் எனக்குக் கோபம் இருந்தது. அப்பா என்ற சொல்லைக்கூட விடாத விளையாட்டு என்று எல்லோரிடமும் கிண்டலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் இது முக்கியமாகிறது.

கூட்டம் குறைந்த காலம்

2012-இல் கரண்ட் போன கதை டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருக்காது. யூபிஎஸ் இரண்டு கணினிக்குத்தான் தாங்கும். ஞாயிறு ஐந்தரைக்குக் கரண்ட் இருக்குமா என்பதே சந்தேகமானதும் சந்திப்பு இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று ஆகி, நின்றுபோனது. அதற்குள் அவளும் வளர்ந்துவிட்டாள். 2010-இல் தம்பி பிறந்தான்; அவனைத் தூக்கி வைத்துக்கொள்ளவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

விளையாட்டும் அதே காலத்தில் இறங்கியது. ஃபிளாஷ் கைபேசியில் ஓடவில்லை. பிள்ளைகள் கைபேசிக்குப் போய்விட்டார்கள். டிஸ்னி இதே மாதிரி நடத்திய டூன்டவுன் 2013-இல் மூடப்பட்டது; கிளப் பென்குயினின் ஜெர்மன், ரஷ்ய மொழிப் பதிப்புகள் 2015-இல் நின்றன. 2016-இல் ஜியோ வந்தபின் என் கடைக்குள் பிள்ளைகள் வருவதே நின்றது. விளையாட்டையும் கடையையும் காலி செய்தது ஒரே கைபேசிதான். நான் ஜெராக்ஸ் மிஷின் வாங்கிப் பிழைத்தேன்.

2017 மார்ச்

மூடப்போகிறார்கள் என்ற அறிவிப்பு 2017 ஜனவரி கடைசியில் வந்தது. செய்தியில் பார்த்தேன். அவள் அப்போது பத்தாம் வகுப்பு; மார்ச்சில் பொதுத் தேர்வு. சொல்லலாமா என்று மாமாவிடம் கேட்டேன். “பரீட்சை நேரத்துல பென்குயினா, சும்மா இருங்க” என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சொல்லவில்லை.

கடைசி நாட்களில் சந்தாக்காரர்களுக்கு மட்டும் இருந்த வசதிகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஒரு பனிப்பாறையில் எல்லோரும் ஏறி நின்று குதித்தால் அது கவிழும் என்று பிள்ளைகளுக்குள் பல வருடமாக ஒரு வதந்தி. அதையும் முடிவில் நிஜமாகவே கவிழ வைத்தார்கள். மார்ச் 30, நம் நேரப்படி மதியம், சர்வர்கள் நின்றன.

தேர்வு முடிந்து ஏப்ரலில் வந்தாள். “ஒரே ஒரு தடவை வீட்டுக்குச் சாமான் வாங்கிப் போட்டுருப்பேன்ல அண்ணே.” அவ்வளவுதான் சொன்னாள். பதிலுக்குக் கைபேசியில் கிளப் பென்குயின் ஐலண்ட் என்று புதிதாக ஒன்று வந்தது. அதுவும் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. கஜா புயல் அடித்து ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகியிருந்தது, தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்த நேரம். இங்கே யாரும் அதைக் கவனிக்கவில்லை.

2020: தெரிந்த முகம்

2020 ஏப்ரலில் சிங்கப்பூர்த் தொழிலாளர் விடுதிகளில் தொற்று பரவி, விடுதிகளைப் பூட்டினார்கள். அப்பா உள்ளே இருந்தார். இங்கே ஊரடங்கு. மகள் கல்லூரி முதலாண்டு, வீட்டில். தம்பிக்குப் பத்து வயது. பள்ளி இல்லை, தெருவில் இறங்க விடுவதில்லை, பாமணி ஆற்றங்கரைக்குப் போனாலும் விரட்டினார்கள். ஒரு நாள் வீடியோ அழைப்பில் அப்பாதான் சொன்னார்: “தம்பிக்கு அந்தப் பென்குயினக் காட்டேன்.”

தேடியிருக்கிறாள். கிடைத்தது. அதே தீவு, அதே நீலப் பஃபில், அதே இசை. ரசிகர்கள் நடத்திய நகல் தளம். ஃபிளாஷ் விளையாட்டில் படங்களும் அசைவுகளும் ஆடுகிறவர் பிரவுசருக்கே வந்து இறங்கும்; அவற்றைச் சேமித்து வைத்தவர்கள், பின்னாலிருக்கும் சர்வரை மட்டும் புதிதாக எழுதிக்கொண்டார்கள். அப்படிப் பல தளங்கள் இருந்தன. இது எது என்று சொல்வதில் பயனில்லை.

எனக்குப் போன் செய்தாள். “அண்ணே, பழைய பென்குயின் திரும்ப வந்துருக்கு. தம்பிக்குக் குடுக்கலாமா?” நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அது சின்னப் புள்ளைங்களுக்கானதுதானேம்மா, தைரியமாக் குடு.” அப்புறம் அவள் சந்தோஷமாக ஒன்று சொன்னாள்: “இதுல அப்பான்னு அடிச்சா தெரியுது அண்ணே!” நானும் சிரித்தேன். பதினொரு வருடத்துக்கு முன் இரவு உட்கார்ந்து சோதித்தவன் நான். அந்த ஒரு வாக்கியம் என்ன சொல்கிறது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கவனித்தவை

மூன்று வாரம் போல ஒன்றும் தெரியவில்லை. பிறகு அக்கா கவனித்தது இவை. தம்பி மடிக்கணினியை (அவளுக்குப் பள்ளியில் அரசு கொடுத்தது) சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். யாராவது வந்தால் மூடினான். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. ஒரு நாள் சாதாரணமாக ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டான். அது பத்து வயதுப் பையனுக்கு எந்தப் பாடத்திலும் வராத சொல். அன்று இரவு பதினொன்றரைக்கு அம்மாவின் வாட்ஸ்அப்பில் தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு. மறுநாளும்.

தம்பி அழுதுகொண்டே சொன்னான். ஒரு பென்குயின் நண்பன். பனிவீட்டுக்குத் தினமும் வருவான், பரிசு கொடுப்பான். வயது கேட்டான், தனியாக இருக்கிறாயா என்று கேட்டான், போட்டோ கேட்டான், கடைசியில் நம்பர் கேட்டான். பையன் அம்மா நம்பரை அடித்திருக்கிறான். அது அப்படியே போய்ச் சேர்ந்திருக்கிறது. போட்டோ எதுவும் போகவில்லை. அந்த மட்டுக்கும் சரி.

நான் வீட்டுக் கணினியில் ஒரு கணக்குத் தொடங்கிப் பார்த்தேன். பெற்றோர் மின்னஞ்சல் கேட்கவில்லை. புகார் செய்யப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் என்ன ஆகிறது என்று தெரியவில்லை. அரை மணி நேரத்துக்குள் அந்த விளையாட்டுத் தீவின் டவுன் சதுக்கத்தில் படித்ததை இங்கே எழுத மாட்டேன்.

என்ன செய்தோம், ஏன்

அம்மாவின் முதல் எண்ணம் மடிக்கணினியை உடைத்து அடுப்பில் போடுவது. மகளின் முதல் எண்ணம் கணக்கை அழித்துவிடுவது. இரண்டையும் நிறுத்தச் சொன்னேன். அழித்தால் புகாருக்குக் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் முதலில் திரையையும் வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியலையும் இன்னொரு கைபேசியில் படம் எடுத்தார்கள். எண்ணை எழுதி வைத்தார்கள். பிறகு தடை செய்தார்கள். அந்த ஆளுக்குப் பதில் எழுதவோ திட்டவோ வேண்டாம் என்றேன். திட்டினால் கணக்கை அழித்துவிட்டு ஓடிவிடுவான்.

மடிக்கணினியைப் பிடுங்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பையன் தானாக வாய் திறந்து சொல்லியிருக்கிறான். சொன்னதற்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த முறை சொல்ல மாட்டான். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

புகார் விஷயம் இதைவிடக் கஷ்டம். “வயசுப் பொண்ணு இருக்குற வீடு, ஸ்டேஷன் வாசல்ல நிக்கச் சொல்றியா?” என்றார் மாமா. ஊரில் இந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், குழந்தைகள் தொடர்பான புகாரில் பெயர் சொல்லாமலும் பதியலாம் என்று காட்டியபின் ஒப்புக்கொண்டார். மகளே பதிந்தாள். 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கும் பேசினாள். அங்கே பேசியவர் தம்பியோடும் பத்து நிமிடம் பேசினார். அன்றுதான் அவன் ஒழுங்காகச் சாப்பிட்டான் என்று பிறகு சொன்னாள்.

இன்னொன்று தற்செயலாகத் தெரிந்தது. நகல் தளத்தில் கணக்குத் தொடங்கும்போது மகள் தன் பழைய பென்குயின் கடவுச்சொல்லையே கொடுத்திருந்தாள். அவளுடைய மின்னஞ்சலுக்கும் அதுதான், கல்லூரிக் கட்டணம் கட்டும் கணக்குக்கும் அதுதான். எல்லாவற்றையும் அன்றே மாற்றினாள்.

அப்பாவிடம் சொல்லலாமா என்பதில் வீடு இரண்டாகப் பிரிந்தது. பூட்டிய விடுதிக்குள் இருக்கும் மனிதரிடம் இதையுமா என்று அம்மா. 2017-இல் நான் மறைத்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அது ஒரு விளையாட்டு, இது வேறு, ஆனாலும் சொல்லிவிடுவதே மேல் என்றேன். ஒரு வாரம் கழித்து மகள் சொன்னாள். காட்டச் சொன்னது தான்தானே என்று அவர் அழுதாராம்.

அதற்குப் பிறகு

அந்த எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை. புகாருக்கு ஒப்புகை எண் வந்தது. ஆள் பிடிபட்டதாக எந்தத் தகவலும் வரவில்லை.

அதே 2020 மே மாதம், நகல் தளங்களில் பெரியது ஒன்றைப் பற்றி பிபிசி விசாரித்து, குழந்தைகள் நடமாடும் அந்த இடத்தில் பாலியல் பேச்சும் இனவெறிப் பேச்சும் தடையில்லாமல் ஓடுவதை வெளியிட்டது. டிஸ்னி நோட்டீஸ் அனுப்பி அதை மூட வைத்தது. அந்த வருடம் டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷுக்கே முழுக்குப் போட்டார்கள். 2022 ஏப்ரலில் இன்னொரு பெரிய நகல் தளத்தை லண்டன் சிட்டி போலீஸ் மூடியது, பதிப்புரிமை வழக்கில் மூன்று பேரைக் கைது செய்தது.

தம்பி இப்போது பெரிய பையன். அதைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுகிறான், நாங்களும் வற்புறுத்துவதில்லை. அக்கா தன்னைத்தான் இன்னும் குறை சொல்லிக்கொள்கிறாள். நியாயமாகப் பார்த்தால் அவள் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். கேட்கப்பட்டவன் நான்.

இப்போது என்றால்

2009-இல் அந்தத் தீவைப் பத்திரமாக வைத்திருந்தது சல்லடையும், யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஊழியர்களும். நான் பார்த்தது பென்குயினை மட்டும். 2017-இல் அந்த ஊழியர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். படங்கள் மட்டும் மிஞ்சின. படங்களைப் பார்த்துவிட்டு நான் உத்தரவாதம் கொடுத்தேன். பழைய தெரு, பழைய பெயர்ப் பலகை, உள்ளே வேறு ஆள் என்றால் நேரில் கண்டுபிடித்திருப்பேன்.

பெற்றோர் மின்னஞ்சலுக்கு என் முகவரியை இனி எவருக்கும் கொடுப்பதில்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு முகவரி உருவாக்கி, அவர்கள் கைபேசியிலேயே திறந்து காட்டி அனுப்புகிறேன்; பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். 2017 மாதிரி ஒரு இடம் மூடப்போகிறது என்று தெரிந்தால், பரீட்சையாக இருந்தாலும் பிள்ளையிடம் சொல்லிவிடுவேன். ஒரு ஞாயிறு ஐந்தரை மணிக்கு அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் ஒரு வழியனுப்பு கிடைத்திருக்கும். அவள் மூன்று வருடம் கழித்து அந்த முகத்தைத் தேடிப் போயிருப்பாளா, போயிருக்க மாட்டாளா, அதை யாராலும் சொல்ல முடியாது.

அடங்கல் வாங்க வருகிறவர்கள் இப்போதும் கைபேசியை நீட்டி, “இந்த கேம் புள்ளைக்குக் குடுக்கலாமா?” என்று கேட்கிறார்கள். ஆகும், ஆகாது என்று நான் சொல்வதில்லை. கடையில் இரண்டு கணினி இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கணக்கைத் திறந்து, ஒன்றிலிருந்து ஒரு போன் நம்பரை அடிக்கிறேன். பத்து இலக்கமும் அந்தத் திரையில் தெரிகிறதா என்று அவர்களையே பார்க்கச் சொல்கிறேன்.